தூக்கத்துக்கு ஒரு மறுபரீட்சை

குறட்டை விடும் ஆணைக் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். குறட்டை விடும் பெண்ணைப் பற்றி வீட்டுக்குள்ளேயே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நான் இரண்டாவது ரகம். பெயர் பகவதி. மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியிலேயே ஐம்பது வயதானவள். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு மசாலா கிடங்கில், மிளகும் சுக்கும் நிரப்பிய சாக்குகளின் வாயைத் தைக்கும் மிஷினில் வேலை. நான் விடும் குறட்டைக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொல்கிறது என்று என் மகள் திவ்யா சொல்வாள். தேவராவில் காலேஜ் படிக்கிற பெண், அப்படித்தான் பேசும்.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கிடங்கில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் தனித்தனியாக என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பகவதிக்கு வந்தது எனக்கும் இருக்குமோ?" என்று கேட்டார்கள். சாயா குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. நோயைக்கூடச் சொல்லிவிடலாம். இன்ஷூரன்ஸைத்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

முதலில் நோய். சில வருஷங்களுக்கு முன் மிஷினில் சாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே உறங்கிவிட்டேன். உட்கார்ந்தபடி, கண்ணைத் திறந்துகொண்டு. ஊசி என் கட்டை விரல் நகத்தில் இறங்கிய பிறகுதான் விழித்தேன். பக்கத்தில் இருந்த லீலா சேச்சி ஸ்விட்சை அணைத்திராவிட்டால் விரலே போயிருக்கும். அதற்கும் முன்பே போட்டில் உறங்கி இறங்குகிற இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன். கோயில் சப்பரத்துக்கு முன்னால் நின்றபடி உறங்கியிருக்கிறேன். எல்லோரும் சோம்பல் என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விரலுக்குத் தையல் போட்ட டாக்டர்தான் குறட்டையைப் பற்றிக் கேட்டு, எர்ணாகுளத்தில் உறக்க நோய் பார்க்கிற டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அவர் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். சிலருக்கு அது அளவுக்கு மேல் தளர்ந்து மூச்சுப் போகிற வழியையே அடைத்துக்கொள்ளும். மூச்சு நிற்கும். ரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பதறிப்போய் உடம்பை உலுக்கி எழுப்பும். அடைப்பு விலகும், மூச்சு வரும், உடனே மறுபடி உறங்கிப்போவோம், மறுபடி அடைக்கும். இரவு முழுக்க இப்படியே நடக்கும், காலையில் நமக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. எட்டு மணி நேரம் படுத்தோம், ஏன் இப்படி அசதி என்று மட்டும் தோன்றும். இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர்.

"ஆப்பமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முருகேசன் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோசை மாஸ்டராகக் கொச்சிக்கு வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். சுள்ளிக்கலில் ஒரு ஹோட்டலில் கல்லுக்கு முன்னால் நிற்கிறார். அவருக்கு எந்த வார்த்தையும் கடைசியில் பலகாரமாகத்தான் காதில் விழும்.

அப்போது ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துச் சோதித்தார்கள். நோய் முற்றிய நிலை என்றார்கள். ஒரு மிஷினும் வந்தது. சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கை மூடும் மாஸ்க். பெட்டி மெல்லக் காற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தக் காற்று தொண்டையை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டு படுத்த முதல் நாள் கல்யாணம் ஆன இருபது சொச்சம் வருஷத்தில் இல்லாத வெட்கமாக இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது, இதுதான் விழித்திருப்பது என்பதா என்று தோன்றியது. தலை லேசாக இருந்தது. ஜன்னல் கம்பியின் துருகூடத் தெளிவாகத் தெரிந்தது. நான் அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய், "வலிக்கா?" என்று கேட்டார்.

அந்த மிஷின் இந்த மழைக்காலத்தில் நின்றுபோனது. உப்புக் காற்று உள்ளே புகுந்து மோட்டாரை அரித்துவிட்டதாம். விற்ற கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இனிப் பாகம் வராது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். முதல் மிஷினுக்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தத் தடவை எனக்குப் பயமில்லை. கிடங்கு முதலாளி தொழிலாளிகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார். அதில் டாக்டர் எழுதிக் கொடுத்தால் இப்படிப்பட்ட மிஷினுக்கும் பெரும் பங்கு கிடைக்கும் என்று ஒரு வரி இருந்தது. திவ்யா இங்கிலீஷில் படித்து, மலையாளத்தில் விளக்கி, நான் அதை வீட்டுக்காரருக்குத் தமிழில் சொன்னேன். மூன்று பாஷையிலும் அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

கம்பெனிக்கு எழுதினோம். பழைய சோதனை செல்லாது, அது ரொம்ப நாள் ஆகிவிட்டது, புதிதாகச் சோதனை செய்து அனுப்புங்கள் என்றார்கள். மிஷின் இல்லாமல் சில நாள் உறங்கிய பிறகு, மிஷின் இல்லாமலே செய்யும் சோதனை. அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். நோய் நடுத்தரத்துக்கு மேல் என்று வந்தால்தான் மிஷின். லேசானது என்று வந்தால் மிஷினும் கிடையாது, சோதனைச் செலவும் நம் தலையில்.

நோய்தான் இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். கஷ்டம் இருந்தது. பழைய மிஷின் வந்த பிறகு எனக்கு உறக்கம் கிடைத்தது, உறக்கம் கிடைத்ததால் தெம்பு வந்தது, தெம்பு வந்ததால் சாயங்காலம் போட் ஜெட்டி வரை நடக்க ஆரம்பித்தேன், நடந்ததால் உடம்பு இளைத்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே யோசனையில் ஆழ்ந்தார்.

"சேச்சி நல்லா மெலிஞ்சாச்சு. உடம்பு குறைஞ்சா சிலருக்கு நோயும் குறையும். டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்" என்றார்.

"குறைஞ்சிருந்தா நல்லதுதானே டாக்டர்?"

"நிஜமா குறைஞ்சிருந்தா நல்லது. ஒரு ராத்திரி மட்டும் குறைஞ்சதா காட்டினா நல்லதில்ல. பிரஷர் இப்பவே மேல நிக்குது. சேச்சிக்கு மிஷின் வேணும்னுதான் எனக்குத் தோணுது. ஆனா என் தோணல் கம்பெனிக்குப் போதாது."

சொந்த நோய் குறையாமல் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டவள் நானாகத்தான் இருப்பேன். லீலா சேச்சி தன் பங்குக்கு, "டெஸ்டின்ற முந்தின ராத்திரி ரெண்டு பிளேட் பிரியாணி தின்னோ, மல்லாந்து கிடந்நோ. ஜெயிக்கும்" என்றாள். பரீட்சையில் தோற்றால் ஜெயித்தோம், ஜெயித்தால் தோற்றோம். திவ்யாவுக்கு இது பெரிய வேடிக்கையாக இருந்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். மிஷின் இல்லாத நாட்களில் காலையில் தலை மண்ணாய்க் கனத்தது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். கிடங்கில் மேனேஜர் என்னைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பி, ஜாதிக்காய் பொறுக்கும் இடத்தில் உட்கார வைத்தார். "புது மிஷின் வரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார். நல்ல மனிதர்தான், விரல் விஷயம் அவருக்கு மறக்கவில்லை. ஆனால் புது மிஷின் வராவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உண்மையில் என்னைத் தின்ற பயம் வேலையைப் பற்றியது அல்ல. இரவில் படுக்கும்போது, இந்தத் தடவை மூளை என்னை எழுப்ப மறந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைப்பேன். திவ்யாவுக்கு இன்னும் படிப்பு முடியவில்லையே என்று நினைப்பேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பக்கத்துக் கட்டிலில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஒறங்குங்க, காலையில மாவு ஆட்டணும்ல" என்பேன். "நீ மொதல்ல ஒறங்குட்டி" என்பார். அந்த நாட்களில் அவருக்கும் என்னவோ ஆகியிருந்தது. ஹோட்டலில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார் என்று முதலாளி சொல்லியனுப்பினார். வயசாகிவிட்டது உங்களுக்கு என்று நான் வேறு சத்தம் போட்டேன்.

முன் அனுமதிக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தோம். பதில் வந்தது. திவ்யா போனில் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, தந்நிட்டில்ல. முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

"ஏனாம்?"

"அம்மாவுக்கு கல்யாணம் ஆன நாள்லேருந்தே உடம்பு எடை அதிகமாம். எடையைக் குறைக்க முன்னாடியே ஒரு மிஷின் வாங்கி ட்ரீட்மென்ட் எடுத்தாங்களாம். இப்ப மறுபடி எடை கூடிட்டே போகுதாம். எடை குறைக்கிற ட்ரீட்மென்டுக்கு பாலிசியில இடம் கிடையாதாம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கல்யாணத்தன்று என்னைப் பார்த்தவர்கள், பெண்ணைக் காற்றடிக்காத பக்கமாக உட்கார வையுங்கள் என்று சொன்னார்கள். கல்யாணச் சேலைக்குள் நான் இருக்கிறேனா என்று தேடத்தான் வேண்டியிருந்தது. பட்டினி கிடக்காமல், நடந்து நடந்து இளைத்தவளைப் பார்த்து எடை கூடுகிறதாம். யார் சொன்னது இதை?

"வீட்டுக்காரர்கிட்ட போன்ல விசாரிச்சப்ப சொன்னதுன்னு போட்டிருக்கு" என்றாள் திவ்யா.

அவர் அப்போதுதான் ஹோட்டலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"கம்பெனியிலருந்து உங்களுக்கு போன் வந்துச்சா?"

"ஆமா, வந்துச்சே. ஒரு சாரு பேசுனாரு. நல்லா வெவரமா சொல்லிட்டேன். கவலப்படாத."

"என்ன சொன்னீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். கேட்டவர் மலையாளத்தில் கேட்டார், இவரும் மலையாளத்தில்தான் பதில் சொன்னார். பாவம், கம்பெனியிலிருந்து பேசுகிறார்களே, தமிழ் கலந்துவிடக் கூடாது என்று அடுப்பைக்கூட அணைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்று பேசியிருக்கிறார்.

"சேச்சிக்கு எந்தாணு அசுகம்னு கேட்டாரு. தூக்கம் கூடுதலாணு சார்னு சொன்னேன். எப்ப தொடங்கின்னு கேட்டாரு. கல்யாணம் கழிஞ்ஞ நாள் முதலே தூக்கம் கூடுதலாணுன்னேன். எத்ர தூக்கம் உண்டுன்னு கேட்டாரு. அளந்து நோக்கியிட்டில்ல சார், நல்லோணம் உண்டுன்னேன். முன்ன வல்ல சிகில்சயும் எடுத்தோன்னு கேட்டாரு. ஒரு மிஷின் வாங்கி சார், அதுல பின்ன தூக்கம் நல்லா கொறஞ்ஞு, இப்ப மிஷின் கேடாயி, மறுபடி தூக்கம் கூடிக்கூடி வருதுன்னு சொன்னேன். சாரு எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. ஒரு வார்த்த பொய் சொல்லலட்டி."

கொச்சியில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழில் தூக்கம் என்றால் உறக்கம். மலையாளத்தில் உறக்கத்துக்கு உறக்கம்தான். தூக்கம் என்றால் எடை. தராசில் தூக்கிப் பார்ப்பது. கிடங்கில் நான் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த அர்த்தத்தில் அந்த வார்த்தையைச் சொல்கிறேன். அவரும் கடையில் மீன் வாங்கும்போது தூக்கம் சரியாகப் போடு என்று சண்டை பிடிக்கிறவர்தான். ஆனால் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்ததும் மலையாளத்துக்குள்ளே ஊர்த் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் சொன்ன பதில் அவரவர் பாஷையில் கச்சிதமாகப் பொருந்திப்போனதுதான் அநியாயம்.

திவ்யா சுவரில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அவருக்கு விஷயம் புரிந்ததும் சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் வாயால கெடுத்துட்டேனே பகவதி" என்றார்.

"கெடுக்கல. என்னை குண்டுன்னு சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் நானே போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஒரு மனிதர் கிடைத்தார். மலையாளி. பாலிசி நம்பரைக் கேட்டுப் பார்த்ததும், "சேச்சி, தூக்கத்துக்குள்ள சிகில்ச இந்தப் பாலிசியில் இல்ல" என்றார்.

"சாரே, எனக்கு தூக்கம் இல்ல, தூக்கம்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் பதற்றத்தில் நானும் அதே குழியில் விழுந்தது தெரிந்தது. ஒரு மூச்சை இழுத்துவிட்டு, முழுசாக மலையாளத்தில் ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தமிழ்நாட்டுக்காரர், அவர் ஊரில் உறக்கத்துக்குத் தூக்கம் என்று பேர், அவர் சொன்ன இடத்திலெல்லாம் எடையை எடுத்துவிட்டு உறக்கத்தைப் போட்டு வாசியுங்கள் என்றேன். எழுதி வைத்ததை அவர் முணுமுணுத்து வாசிப்பது அந்தப் பக்கம் கேட்டது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்றெ பொன்னு சேச்சி" என்றார். "இது நான் ஆளுகளோட பறயும்."

"பறஞ்ஞோ. அதுக்கு முன்னாடி அனுமதி தந்நோ" என்றேன்.

டாக்டரிடமிருந்து ஒரு விளக்கம் கேட்டார். டாக்டரம்மா அதைச் சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. சோதனைக்கு அனுமதி வந்தது. மிஷின் மட்டும் பழைய நிபந்தனைப்படிதான், நோய் நடுத்தரத்துக்கு மேல் என்று வர வேண்டும்.

சோதனைக்குப் போன நாளில் மத்தியானத்துக்கு மேல் சாயா குடிக்கவில்லை. அப்படிச் சொல்லியிருந்தார்கள். தலைக்கு எண்ணெய் வைக்கவும் கூடாது, ஒயர் ஒட்டாதாம். பிரியாணி தின்னவில்லை. நானும் அவரும் போட்டில் போனோம். கூட்டத்தில் எனக்கு இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, என் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் நின்றார். வேறு தலையணையில் எனக்கு உறக்கம் வராது என்று அவராகவே எடுத்து வந்தது.

அந்த அறை ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. திரைச்சீலை, மங்கலான விளக்கு, நல்ல மெத்தை. சுவர் மூலையில் ஒரு சின்னக் கேமரா. டெக்னீஷியன் ஒரு பெண். என் தலையில், கன்னத்தில், கண்ணோரத்தில், காலில் எல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டினாள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டினாள். மூக்குக்குக் கீழே மூச்சை அளக்கிற குழாய், விரலில் பிராணவாயுவை அளக்கிற கிளிப். ஒவ்வொன்றும் எதற்கு என்று பொறுமையாகச் சொன்னாள். எதுவும் குத்தாது, வலிக்காது. கண்ணாடியில் பார்த்தபோது கரண்ட் கம்பத்தை யாரோ சேலை கட்டி நிறுத்தியது போல இருந்தேன்.

கேரளத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு ஒருவர் கூடத் தங்குவது வழக்கம். பைஸ்டாண்டர் என்பார்கள். அவருக்கும் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டில் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லி, இவர் சத்தமில்லாமல் என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "சேட்டன் பேசக்கூடாது, ஒறங்கிக்கணும்" என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் பக்கத்து அறைக்குப் போனாள்.

உறங்கு என்று ஒருத்தர் உத்தரவு போட்டால் உறக்கம் வருமா? மூச்சு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நிற்கவும் கூடாதே என்று நினைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே எப்போதோ உறங்கிவிட்டேன். விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அவர் வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இங்க இருக்கீங்க?"

"அந்தப் புள்ள வெளிய போயி இருன்னுச்சு. எதுக்குன்னு தெரியல. கொறட்ட விட்டுட்டேன்போல" என்றார்.

ஒயர்களைப் பிரிக்கும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் முகம் கொடுக்காமல், "மேடம் பார்த்துட்டு சொல்லுவாங்க சேச்சி. முதல் பகுதியில பெரிசா ஒண்ணும் இல்ல" என்றாள்.

பெரிசாக ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் இந்த வார்த்தையைக் கேட்டால் மற்றவர்கள் கும்பிடுவார்கள். போட்டில் திரும்பி வரும்போது, போச்சு என்று நினைத்தேன். இனிமேல் எத்தனை இரவுகள் இப்படிப் பயந்து பயந்து படுப்பது என்று நினைத்தேன். அவர் என் தலையணையின் உறையில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

சில நாள் கழித்து டாக்டரம்மா இருவரையும் வரச் சொன்னார். உள்ளே போனதும் எங்களை உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கமாகத் திருப்பினார்.

"ரிசல்ட் சொல்றதுக்கு முன்னாடி இதை ஒண்ணு பாருங்க" என்றார்.

திரையின் ஒரு பாதியில் கேமரா எடுத்த படம். ஒயர் சுற்றிய நான் மல்லாந்து கிடக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் அவர். கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. நல்ல உறக்கம். கீழே பல கோடுகள் ஓடின. அதில் ஒன்றை டாக்டரம்மா விரலால் காட்டினார். "இதுதான் சேச்சியோட மூச்சு." அலை அலையாகப் போய்க்கொண்டிருந்த கோடு சிறுத்தது, படுத்துவிட்டது. நான் என் மூச்சு நிற்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து அவருடைய கை எழுந்தது. கண் திறக்கவில்லை, தலை திரும்பவில்லை. கை மட்டும் வந்து என் தோளில் இரண்டு தட்டுத் தட்டியது. படத்தில் நான் லேசாகப் புரண்டேன். படுத்திருந்த கோடு எழுந்து அலையாக ஓடத் தொடங்கியது. கை திரும்பிப் போய்விட்டது.

டாக்டரம்மா படத்தை நகர்த்தினார். மறுபடி கோடு படுத்தது, மறுபடி கை வந்தது. இன்னும் நகர்த்தினார். இன்னும் வந்தது. எங்கே நிறுத்தினாலும் அந்தக் கை வந்துகொண்டிருந்தது.

"பத்து விநாடியாவது மூச்சு நின்னாத்தான் நாங்க அதைக் கணக்குல எடுப்போம்" என்றார் டாக்டரம்மா. "சேட்டன் அதுவரைக்கும் விடல. அதனால முதல் பகுதியில நோயே இல்லாத மாதிரி வந்திருக்கு. எங்க டெக்னீஷியன் கவனிச்சு இவரை வெளிய அனுப்பின பிறகு பாருங்க."

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. கோடு படுத்தது. படுத்தே கிடந்தது. யாரும் வரவில்லை. பிராணவாயுவின் கோடு இறங்கிக்கொண்டே போயிற்று. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் படத்தில் இருந்த நான் உடம்பு தூக்கிப்போட்டு மூச்சை இழுத்தேன்.

"நோய் முற்றின நிலைதான். அவரில்லாத பகுதியே போதும், கம்பெனிக்கு அதை வச்சு நான் எழுதித் தரேன்" என்றார்.

வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே மறைத்துக்கொண்டிருந்தார், திருடி அகப்பட்டவர் போல. "நான் வேணும்னு செய்யல டாக்டர். சோதன கெட்டுப்போச்சா? எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் பாட்டுக்கு ஒறங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

"தெரியும். மிஷின் நின்ன நாள்லேருந்து நீங்க ஒரு ராத்திரியாவது விடாம ஒறங்கியிருக்கீங்களா?"

"ஒறங்குறேனே. நல்லாத்தான் ஒறங்குறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். நான் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த அறையிலேயே சத்தம் போட்டு அழுதிருப்பேன். என் உயிரைப் பற்றி நான் பயந்துகொண்டிருந்த அத்தனை இரவுகளிலும் இந்த மனிதர், தனக்கே தெரியாமல், என்னைத் தட்டித் தட்டித் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

கம்பெனி ஒப்புக்கொண்டது. முழுசும் இல்லை, பெரும் பங்கு. மீதிக்கு வழி பண்ணினோம். கிடங்குப் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: சோதனைக்குப் போகும் முன்பே அனுமதி கேளுங்கள், பழைய ரிப்போர்ட் செல்லுமா என்று கேளுங்கள், மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள், கூட வருகிறவரைக் கட்டிலிலிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள்.

புது மிஷின் பழையதைவிடச் சின்னது, சத்தமும் குறைவு. அதை மாட்டிக்கொண்டு உறங்கி எழுந்த முதல் காலையில், வெயில் ஜன்னலுக்குள் வந்து கட்டில்வரை ஏறியிருந்தது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மாவு ஆட்டப் போகும் நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. சுவரைப் பார்த்துப் புரண்டு, இரண்டு கைகளையும் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி உறங்கிக்கொண்டிருந்தார். திவ்யா எழுப்ப வந்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன்.

அவருடைய போன் அடித்தது. ஹோட்டல் முதலாளி. எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

"மாஸ்டரைக் கண்டில்லல்லோ. எந்தா, அசுகம் வல்லதும் உண்டோ?" என்று கேட்டார்.

"இருந்தது சேட்டா, இப்ப சுகமாயி" என்றேன். "ஒறங்கட்டும்."